கல்லடி என்றொரு ஐரிஷ் வயல்

பெப்ரவரி 2, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வர, டெர்மட் பிடித்துக்கொண்டார். எங்கள் தெருவின் கடைசி வீட்டு ஐரிஷ்காரர். லண்டனில் இந்தத் தோர்ண்டன் ஹீத்துக்கு வந்து ஐம்பது வருடமாகியும் வாயைத் திறந்தால் நொக்கவாராதான். அயர்லாந்தில் அவர் பிறந்த இடம். ஊர் என்றுகூடச் சொல்ல முடியாது, எங்கள் குறிச்சி மாதிரி: நாலைந்து வீடு, மிச்சமெல்லாம் வயல். வயல் என்றாலும் நெல் இல்லை, புல். அங்குள்ள மரபுச் சங்கம் வயல்களின் பெயர்களை வரைபடத்தில் போட்டு அச்சடிக்கப் போகிறதாம். அவர் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் அடித்துக்கொடுக்க வேண்டும். வயலுக்கு வயல் பெயர்! லண்டனில் இதைக் கேட்டுச் சிரிக்காதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்கள் ஊரிலும் பெயரில்லாத காணி ஏது?

பெப்ரவரி 8, சனி

ஒரு வயலின் பெயர் மட்டும் வரவில்லை. டெர்மட் நெற்றியைத் தேய்த்தார், தேத்தண்ணீர் குடித்தார், மறுபடியும் தேய்த்தார். தம்பி மார்ட்டின் இன்னும் அங்கேதான் இருக்கிறார், அவரைக் கேட்டால் என்ன என்றேன். முகம் கறுத்துவிட்டது. அந்த வயலின் வேலி எங்கே வரவேண்டும் என்றுதான் சண்டையாம். தாயின் செத்தவீட்டோடு பேச்சு நின்று இருபது வருடம்.

நொக்கவாரா — நோக்க வாரா! பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "எங்கள் இரண்டு பேரில ஆர் முதலில செத்தாலும், மற்றவனுக்கு வெளியாள்தான் சொல்லவேணும்."

எனக்குக் கோபம் வந்தது. இந்த வயதில் என்ன வீம்பு?

பெப்ரவரி 9, ஞாயிறு

செய்துவிட்டேன். பெயரில்லாத வயலில் 'கல்லடி' என்று எங்கள் ஊர்க் காணிப் பெயரை அடித்துச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டேன். ஆங்கில எழுத்தில் பார்த்தால் அசல் ஐரிஷ்.

எங்கள் ஆட்கள் கலியாணவீட்டுக்கும் வரமாட்டார்கள், செத்தவீட்டுக்கும் வரமாட்டார்கள். உறுதிப் பத்திரத்தில் காணிப் பெயரைப் பிழையாக எழுதிப் பாருங்கள், விடிய முதல் வாசலில் நிற்பார்கள். மார்ட்டின் மட்டும் என்ன வேறு பிறவியா? கொதித்துக்கொண்டு தமையனுக்கு போன் எடுக்காவிட்டால் என் பெயர் றோஸ்மலர் இல்லை.

என் மனுசன் அன்ரன் தலையில் கைவைத்தார். "உமக்கு வேற வேலை இல்லையே? அந்தாள் உம்மை நம்பியெல்லோ தந்தது."

பெப்ரவரி 13

அச்சுக்கு முன் சங்கம் ஊராருக்கெல்லாம் காட்டும் வரைபடத்தை டெர்மட் பார்த்துவிட்டார். கல்லடி என்று தான் சொன்னதா என்று கேட்டார். பச்சைப் பொய்யாகத் தலையாட்டினேன். மறதியை ஒப்புக்கொள்ள மனமில்லை அவருக்கு. அதுதான், அதேதான் என்றார்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பாவமா இது? அல்லது எழுத்துப் பிழையா?

பெப்ரவரி 19

ஒன்றுமில்லை. அயர்லாந்தில் போன் வேலை செய்யாதா?

பெப்ரவரி 22, சனி

மார்ட்டின் டெர்மட்டுக்குப் போன் எடுத்தார்! சண்டைக்கு இல்லையாம். அது கல்லடியேதானாம், பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தானாம். இப்படியும் ஒரு புளுகு! பிறகு மாடு, மழை, முழங்கால் வலி என்று ஒரு மணித்தியாலம் பேசினார்களாம். சொல்லும்போது டெர்மட்டின் கண் கலங்கியது. எனக்கும்தான்.

ஆனால் வரைபடம் அச்சுக்குப் போகிறதே! உண்மையைச் சொன்னால் பேச்சு திரும்பவும் நின்றுவிடுமோ?

மார்ச் 1, சனி

சங்கத்துச் செயலாளர் கல்லடிக்கு விளக்கமே எழுதிவிட்டாராம். ஐரிஷில் வேலிக்கு உள்ள சொல்லிலிருந்து வந்ததாம். அன்ரன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்கு வியர்க்கிறது. நாளை பூசை முடியச் சொல்லிவிடுவேன். என்ன ஆனாலும் சரி.

மார்ச் 2, ஞாயிறு

டெர்மட் பூசைக்கு வரவில்லை. நொக்கவாரா போய்விட்டாராம்.

மார்ச் 9, ஞாயிறு

டெர்மட் வாட்ஸப்பில் முகம் காட்டி எடுத்தார். சேற்று வயலில் இரண்டு கிழவர்கள், ஒரே மூக்கு, ஒரு குடை. இதற்குமேல் மனது கேட்கவில்லை. அந்தக் கல்லடி என்ற பெயர் இருக்கிறதே என்று தொடங்கினேன். டெர்மட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக் குலுங்கினார். மார்ட்டின் போனைப் பறித்தார்.

"இஞ்ச ஒரு கிணத்துக்கும் பேர் மறந்துபோச்சு," என்றார். "உங்கட ஊரில நல்ல பேர் ஏதும் மிச்சம் இருக்கோ?"