ஷ்டாமர் பார்த்தது

1949 மார்ச் 7, திங்கள்

மழை. இன்றும் ராக்கெட் எஞ்சின் பொத்துக்கொண்டது. நைட்ரிக் அமிலமும் மண்ணெண்ணெயும் சேர்ந்ததும் ஒரே அலறல், பிறகு பக்கவாட்டில் ஓட்டை. அழுத்தத்தை அளப்பது என் வேலை. அளவு காட்டும் முள் துடித்ததை இயக்குநர் காஸ்தேனிடம் சொன்னேன். "கவலைப்படாதீங்க மரிவோன். இதுக்குன்னே ஒரு ஜெர்மன்காரர் நாளைக்கு வர்றார்" என்றார்.

வெர்னோனில் பிரெஞ்சுக்காரர் வீடுகளில் பாதி குண்டு விழுந்த கோலத்திலேயே கிடக்கின்றன. இங்கே கூட்டி வந்த ஜெர்மன்காரர்களுக்கோ மேட்டில் வீடு, தோட்டம், நிலக்கரி. போரில் தோற்றது யாரப்பா?

மார்ச் 8

பெயர் ஷ்டாமர். ஒல்லி. எல்லோருக்கும் குனிந்து வணக்கம். எரிந்த எஞ்சினைத் தடவிப் பார்த்து, "நார்ட்ஹவுசன்லயும் இந்தத் தொல்லை இருந்துச்சு" என்றார், பழைய ஊரைப் பற்றிப் பேசுவதுபோல.

நார்ட்ஹவுசன் மலைச் சுரங்கத்தில்தான் ஜெர்மன்காரர்கள் கைதிகளை வைத்து ராக்கெட் செய்தார்கள். அங்கேதான் என் தம்பி எர்வான் செத்தான். இருபத்தொரு வயது.

மார்ச் 21

கேட்டே விட்டேன்.

"சுரங்கத்துக்குள்ள போயிருக்கீங்களா?"

"ரெண்டு தடவை. எஞ்சின் பாக்க."

"அங்க இருந்த ஆளுங்களை?"

"எஞ்சின் பாக்கத்தான் போனேன், அம்மணி."

எஞ்சின் பாக்கவாம்! கண்ணைக் கழற்றி வைத்துவிட்டா போனாய்?

மே 12

ஷ்டாமர் மாற்றிய எரிபொருள் தெளிப்பான் தாங்குகிறது. முள் துடிக்கவில்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஜூன் 15, புதன்

எஞ்சின் முப்பது விநாடி எரிந்தது. சீரான, நீளமான நெருப்பு. ஒரு கணம் நானும் கைதட்டினேன், என்னை என்ன சொல்ல?

சாப்பாட்டுக் கூடத்தில் மது ஊற்றினார்கள். காஸ்தேன் கோப்பையைத் தூக்கி, "இந்த அறிவு நம்ம நாட்டுக்குக் கிடைச்ச அதிர்ஷ்டம்!" என்றார். எழுந்துவிட்டேன். "அதிர்ஷ்டமா? எந்தச் சுரங்கத்துல, யார் பொணத்து மேல நின்னு கத்துக்கிட்டதுன்னு அவரையே கேளுங்க. அதுல ஒரு பொணம் என் தம்பி."

யாரும் குடிக்கவில்லை. ஷ்டாமர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 16

இனி நான் சோதனை மேடைக்கு வரக்கூடாதாம்.

"மன்னிப்பு கேளுங்க, எல்லாம் சரியாயிடும்" என்கிறார் காஸ்தேன்.

"யார்கிட்ட?"

"ஷ்டாமர்கிட்டதான்."

அவர்கிட்ட நான்! நான் அவர்கிட்ட!

ஜூன் 17

மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, வேலையை எறிந்துவிட்டு வரத்தான் காஸ்தேன் அறைக்குப் போனேன். ஷ்டாமர் அங்கே நின்றிருந்தார்.

"அவங்க கேக்க வேண்டியதில்லை" என்றார். "சுரங்கத்துல நான் ஆளுங்களைப் பாத்தேன். வழியில ஒருத்தன் விழுந்து கெடந்தான். உயிர் இருந்துச்சு. கையில வரைபடம் வச்சிருந்தேன். தாண்டிப் போயிட்டேன்."

எர்வானா? தெரியாதாம். முகத்தைப் பார்க்கவே இல்லையாம்.

அழுகை வரவில்லை. கொதிப்புதான். "எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? எங்க ஊர் மொர்லேக்கு வாங்க. எங்கம்மா முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

"பைத்தியக்காரத்தனம்" என்றார் காஸ்தேன்.

"வர்றேன்" என்றார் ஷ்டாமர்.

ஜூலை 2

ரயில். எதிர் இருக்கையில் அவர். பேசியிருந்தால் அறைந்திருப்பேன்.

ஜூலை 3, ஞாயிறு, மொர்லே

அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. "நின்னுக்கிட்டே சொல்லு" என்றாள்.

பாதியில் அவருக்குப் பிரெஞ்சு வரவில்லை, ஜெர்மனில் சொல்ல ஆரம்பித்தார். அந்த வீட்டில் ஜெர்மன் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வேறு வழியில்லாமல் என் வாயால் சொன்னேன்: "விழுந்து கெடந்தான். உயிர் இருந்துச்சு. நான் தாண்டிப் போயிட்டேன்."

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை ரயிலுக்கு அவர் கிளம்பினார். நாளை மறுநாள் அந்த எஞ்சினை மறுபடி எரிக்கிறார்கள். நான் அந்த வேலைக்குத் திரும்பப் போவதில்லை.