புள்ளியியல் வகுப்பில் காலுறைப் பொம்மை

ஜூலை 7, திங்கள்

காற்று மட்டும். மழை இல்லை. காயப்போட்ட புடவை பக்கத்து வீட்டு மாடியில்.

ராஜபாளையம் கல்லூரியில் நாள் முழுக்கப் பயிற்சி: ஆன்லைன் வகுப்பைப் புதுமையாக நடத்துவது எப்படி. கோயம்புத்தூரிலிருந்து கோட்டு போட்ட ஒருவர். ஆன்லைன் பற்றிப் பேச நேரில் வந்திருக்கிறார். அவருடைய ஞானம்:

1. வண்ணத் தொப்பி.
2. காலுறையில் பொம்மை செய்து, குரலை மாற்றிப் பேசுவது.
3. மாணவர் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுப் பேசுவது.

பேராசிரியர்கள் அத்தனை பேரும் காலுறைக்குக் கண் வைத்துத் தைத்தோம். இருபத்திரண்டு வருடம் புள்ளியியல் நடத்தியவளுக்கு இதுவும் வேண்டும்.

கிளம்பும்போது பிரின்சிபால்: "ஒங்க ஆன்லைன் கோர்ஸ்ல நாப்பது பேரு. வாரது ஆறு பேரு. இந்த மாசம் கூடலன்னா மூடிருவோம் மேடம்."

மூடட்டும். கேமராவைக்கூடத் திறக்காத கறுப்புக் கட்டங்கள்.

ஜூலை 8, செவ்வாய்

மாலை ஆறு மணி வகுப்பு. பொம்மையை வைத்துச் 'சராசரி' நடத்தினேன். கீச்சுக் குரலில். யாரோ மைக்கை அணைக்கவில்லை. ஒரு கிழவி குரல்: "ஏட்டி, ஒங்க டீச்சர் பொம்ம வச்சி வெளாடுதாக, வந்து பாரு!"

சிரிப்பு. பிறகு ஆறு பேர் ஐந்து பேர் ஆனார்கள்.

தலைவலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

மூன்றாவது யோசனையும் உளறல்தான் என்று நிரூபிக்கவே போன் எடுத்தேன்.

முதல் எண், ஸ்விட்ச் ஆஃப். அடுத்தது ஒரு கணவன்: "எதுக்கு? என்ன விசயம்?" வைத்துவிட்டான்.

மூன்றாவது, முத்துலட்சுமி. மம்சாபுரம். நூல் மில்லில் வேலை.

"கிளாஸ் நேரம் நான் மில்லு பஸ்ல வாரேன் டீச்சர். படம் தெரியாது, சத்தம் மட்டுந்தான். அன்னைக்கி என்ன, ஒங்களுக்குச் சளியா? கொரலு ஒரு மாதிரி கேட்டுச்சு."

பேச்சை மாற்றினேன். பாடம் புரிகிறதா என்றேன்.

"காசு சுண்டுறது, பகடை உருட்டுறதெல்லாம் புரியல. ஆனா நூல் அறுறத தெனமும் நோட்டுல குறிக்கேன். காத்து காஞ்சு கெடந்தா சாஸ்தியா அறும். மிசினுக்கு மிசின் மாறும். அதுவும் ஒங்க பாடந்தானா டீச்சர்?"

அதுதான் பாடம். அது மட்டும்தான் பாடம். இரண்டு வருடமாக இவர்களிடம் பகடை உருட்டிக்கொண்டிருந்தவள் நான். கோட்டுக்காரரைவிட ஒன்றும் மேல் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

எல்லோருக்கும் சொல்லி, வகுப்பை ஞாயிறு காலைக்கு மாற்றினேன். மில்லுக்கு விடுமுறை. பத்தொன்பது பேர்!

முத்துலட்சுமி தன் நோட்டை வாசித்தாள். பேண்டேஜ் துணி நெய்கிற ஒருவர் குறுக்கே: "எங்க தறியில அப்படி இல்லம்மா. ஒரே நாள்ல எம்புட்டோ மாறும்." சண்டை. சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறது என்ற அந்தச் சண்டைக்குப் பெயர்தான் திட்டவிலக்கம் என்று கடைசியில் சொன்னேன். அவ்வளவுதான் அன்றைய பாடம்.

மதியம் புளிக்குழம்பு. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

பிரின்சிபால் அறையில் கோட்டுக்காரர், வீடியோ அழைப்பில். "பாத்தீங்களா மேடம், எங்க டிரெயினிங் ரிசல்ட்!" பொம்மையோடு நான் இருக்கும் படத்தை அவருடைய விளம்பரத்துக்குக் கேட்கிறார். பல் முழுவதும் வெளியே.

முத்துலட்சுமி பெயரைப் போடுங்கள் என்றேன்.

பிரின்சிபால்: "மில்லுல நிக்கிற பிள்ள பேரு எதுக்கு மேடம்?"

அப்படியானால் படமும் கிடையாது என்று எழுந்து வந்தேன். கோர்ஸை மூடுவது பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

ஜூலை 16, புதன்

மாலை. வீட்டருகே மடவார் வளாகம் கோயில் மணி. போனில் முத்துலட்சுமி.

"சூப்பர்வைசர் நோட்ட வாங்கிட்டாரு டீச்சர். மில்லுக் கணக்க வெளிய சொல்லுதியாமேன்னு சத்தம் போட்டாரு."

யார் போய்ச் சொன்னார்களோ. வாசிக்கச் சொன்னது நான். உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஆளு கெடைக்காம அலையிறாக, அனுப்ப மாட்டாக. மில்லு பேரு மட்டும் எங்கயும் போட்டுறாதீக. நோட்டு போனா போகுது, அம்புட்டும் மனசுல கெடக்கு. நான் சொல்லுதேன். நீங்க பேனா எடுங்க டீச்சர்."

எடுத்தேன். அவள் வேகத்துக்கு என் கை ஓடவில்லை. செத்த நேரம் பொறு என்றேன். பொறுத்தாள்.