ஒப்புகை அட்டை

பினாங்கு,
4-3-1968

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

சீன வியாபாரி லிம் நம் ஏலக்காயை வாங்கச் சம்மதித்துவிட்டார். ஒப்பந்தத் தாள் கிடையாது. இங்கே அறிமுகம் செய்கிறவனின் வாக்கே ஒப்பந்தம். பத்து வருடம் அவர் கடையில் உட்கார்ந்து எழுந்துதான் அந்தத் தகுதி எனக்குக் கிடைத்தது. மலாய் மொழியில் அவர் சொன்னதை நம் பேச்சில் எழுதினால், “ஒன் அண்ணன்னா போதும்ல.” பிறகு தம் கையாலேயே எனக்குத் தேநீர் ஊற்றினார். இந்தத் தெருவில் கையெழுத்து அதுதான். தயவுசெய்து அவரைப் பற்றி யாரிடமும் விசாரிக்க வேண்டாம்.

தங்கள் தம்பி,
ஜெபமணி

போடிநாயக்கனூர்,
21-3-1968

தம்பி ஜெபமணிக்கு ஆசீர்வாதம்.

மூட்டைகள் தூத்துக்குடிக்கு லாரி ஏறிவிட்டன. நம்பிக்கை வேறு, நடைமுறை வேறு. வர்த்தக டைரக்டரியில் முகவரி பார்த்து, லிம்மின் நாணயம் குறித்து அதே தெருவின் இரண்டு சீன வியாபாரிகளுக்கு எழுதியிருக்கிறேன். “கூடப் பொறந்தவர நம்பாம ஊருக்கெல்லாம் எழுதுறீகளே” என்று உன் அண்ணி கடிந்துகொண்டாள். நீ வருந்தாதே. வழக்கம்போல் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நீ கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் கோப்பில் சேர்ப்பேன்.

அண்ணன்,
ராஜமணி

பினாங்கு,
19-4-1968

அண்ணனுக்கு,

சரக்கு வந்தது. பேசியபடி லிம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். நீங்கள் எழுதிய இருவரும் அவருடைய சொந்த ஊர்க்காரர்கள். இரண்டு கடிதங்களும் அவர் மேசைமேல் இருந்தன. கோபமாக ஒரு சொல் இல்லை. எனக்குத் தேநீர்க் கோப்பை வைக்கவில்லை, அவ்வளவுதான். கடைக் கணக்கர் மட்டும் வாசல்வரை வந்து சொன்னார்: “ஒன் அண்ணனே ஒன் வாக்க நம்பலயேப்பா. நாங்க எப்பிடி நம்புறது?”

இப்போது தெருவில் எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள். யாரும் உட்காரச் சொல்வதில்லை. அறையைக் காலி செய்கிறேன்.

ஜெபமணி

போடிநாயக்கனூர்,
2-11-1975

ஜெபமணி,

உன் பழைய முகவரிக்கு அனுப்பிய ஒன்பது கடிதங்களும் திரும்பி வந்துவிட்டன. மாலையில் கடையில் தனியாக இருக்கும்போதும் இரண்டு டீ சொல்லிவிடுகிறேன். ஒன்று ஆறிப்போகிறது. அதை எடுக்க யாரையும் விடுவதில்லை. சென்ற வாரம் பக்கத்துக் கடைக் கர்ணன் எதிர் நாற்காலியில் உட்காரப் போனார். “அங்கன ஆள் இருக்கு” என்றேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நின்றபடியே பேசிவிட்டுப் போனார்.

ஒன்றை நீ அறிய வேண்டும். அன்று நான் எழுதியவை இரண்டல்ல, மூன்று கடிதங்கள். மூன்றாவது, உன்னைப் பற்றி விசாரித்து அங்குள்ள உன் போதகருக்கு. “இவர் வாக்கு பொய்த்ததில்லை” என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஏழு வருடமாக அது என் கோப்பில் இருக்கிறது. கணக்கர் சொன்னது சரி.

இக்கடிதத்தை லிம்மின் கடைக்கு, அவரை நம்பி அனுப்புகிறேன். நீ இருக்குமிடம் தெரிந்தால் சேர்ப்பார். பதிவு செய்யவில்லை. நகலும் எடுக்கவில்லை.

அண்ணன்,
ராஜமணி