பச்சை மைக்காரரின் வியாழக்கிழமைகள்

அக்டோபர் 3, வியாழன்

ஷெல்லி பட்டர்வர்த்துக்கு வரவேண்டிய வீட்டைப் பூட்டி வைத்திருப்பது தார்ன்லியின் பச்சைப் பேனா. நகராட்சி வீட்டுப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். வியாழனன்றுதான் கடிதங்களைப் பார்ப்பார். அவர் கையெழுத்தில்லாமல் எதுவும் வெளியே போகக்கூடாது.

ஷெல்லிக்கு எட்டாம் மாதம். படுக்கையறைச் சுவர் முழுக்கக் கறுப்புப் பூசணம். ஈரமில்லாத வீடு ஒன்று கிடைத்துவிட்டது. 22ஆம் தேதிவரை அவளுக்கென்று வைத்திருப்பார்கள். நான் எழுதும் ஒதுக்கீட்டுக் கடிதம் போகவேண்டியதுதான் பாக்கி.

ஆங்கிலத்தில் 'ஹூ' (who) என்று எழுதியிருந்தேன். அந்த இடத்தில் 'ஹூம்' (whom) வரவேண்டுமாம். தார்ன்லி கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அவசரம்னா தப்பா எழுதலாமா தம்பி?"

அக்டோபர் 10

'ஹூம்' போட்டேன். இப்போது இன்னோர் இடத்தில் 'வேர்பை' (whereby) வேண்டுமாம். யார் பேசுகிறார்கள் அப்படி? இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சொன்னது சரி. இரண்டு தடவையும் சரி. அதுதான் வயிறெரிகிறது.

ஷெல்லி தொலைபேசியில் கேட்டாள்: "உங்க ஆபீஸ்ல ஸ்டாம்பு தீந்துபோச்சா, கண்ணு?"

அக்டோபர் 17

கடிதத்தில் இன்று பிழையே இல்லை. தார்ன்லி விடுப்பு.

உறையில் போட்டு ஒட்டினேன். தபால் பெட்டி வாசலிலேயே இருக்கிறது. பத்து நிமிஷம் நின்றேன். பிறகு உறையைக் கிழித்து, கடிதத்தை அவர் மேசைமேல் உள்ள கடிதத் தட்டிலேயே வைத்தேன். டிசம்பரில்தான் என் வேலை நிரந்தரமாகும். அதுக்காகவா? ஆமா, அதுக்குத்தான். த்தூ.

அக்டோபர் 22

வீடு பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. ஷெல்லியிடம் நானே சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

"சரி கண்ணு. சுவத்தத் தொடச்சிக்கறேன்."

நவம்பர் 6

ஷெல்லிக்குப் பெண் குழந்தை. அதே அறை.

நவம்பர் 14

போன வாரம் தார்ன்லிக்கே ஒரு கடிதம் எழுதி அவர் தட்டில் வைத்தேன். மூன்று வாரம், ஒரு வீடு, ஒரு குழந்தை. தபாலில் போடாத என் கோழைத்தனத்தையும் சேர்த்து எழுதினேன். அவருக்குப் பிடித்த சொற்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

இன்று திரும்பி வந்தது. ஒரு திருத்தம்கூட இல்லை. மூலையில் பச்சைக் கையெழுத்து. அவர் மேசைக்கே போனேன்.

"படிச்சீங்களா சார்?"

"படிச்சேன். ஒரு தப்பு இல்ல தம்பி. நல்லா வந்திருக்கு."

"அவளுக்கு ஒரு வீடு குடுங்க."

அவர் பேனா மூடியைக் கழற்றி, தட்டிலிருந்து அடுத்த கடிதத்தை எடுத்தார்.