அண்ணனுக்குள் என் அடியாட்கள்

மார்ச் 4
பழைய பள்ளிக்கூடத்தின் மேல்தளத்தை இடித்து முடித்தோம். பக்கத்து வீட்டுச் சுவரில் கீறல் விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் கத்தினார், நானும் விடவில்லை. மதியம் அண்ணி போன் செய்தார். அண்ணனுக்கு ரத்தப் புற்று திரும்பிவிட்டதாம். போன வருஷம் என் எலும்பு மஜ்ஜையைக் கொடுத்தேனே, எல்லாம் வீண்தானா? சுத்தியலைத் தூக்கி எறிந்தேன். ஒரு ஜன்னல் போனது.

மார்ச் 6
டாக்டரம்மா கூப்பிட்டுப் பேசினார். இந்தத் தடவை என் ரத்தத்தில் சண்டை போடும் வெள்ளை அணுக்களை மட்டும் எடுப்பார்களாம். அவை கெட்ட செல்லைக் கண்டுபிடித்து, ஒட்டிக்கொண்டு, ஓட்டை போட்டு, உள்ளே விஷத்தை இறக்குமாம். செல் நொறுங்கிச் சாகும். அண்ணனுடைய சொந்த அணுக்கள் புற்றை நம்ம ஆள் என்று விட்டுவிட்டனவாம். என்னுடையவை விடாது. ஆனால் அவற்றுக்கு அவன் உடம்பே அந்நியம். தோல், குடல், ஈரல் என்று எதையும் அடிக்கலாம்.

போதும் என்றால் நிற்காதா என்று கேட்டேன்.

“சில பேருக்கு நிக்காது.”

மார்ச் 7
வேலைக்குப் போகவில்லை. நாலு வருஷம் முன்னால் நடுத்தெருவில் அவனைப் போட்டு அடித்தவன் நான். என் ஆட்கள் முன்னால் என்னைக் குடிகாரன் என்று சொல்லிவிட்டானாம், அதற்காக. விழுந்த பிறகும் உதைத்தேன். ஐயோ, விழுந்த பிறகும்! மறுபடி அவனை அடிக்கவா ரத்தம் கொடுப்பது? முடியாது என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 9
அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னான். ஆள் பாதியாகிவிட்டான். அண்ணி வெளியே போகும்வரை காத்திருந்தான்.

“சும்மா இருந்தா ரெண்டு மாசம். நீ அடிச்சா பொழைச்சாலும் பொழைப்பேன். அன்னிக்கு கேக்காம அடிச்ச. இன்னிக்கு நானே கேக்கறேன். அடிடா.”

மார்ச் 11
இரண்டு கையிலும் ஊசி, நாலு மணி நேரம். பையில் தேறியது ஒரு டம்ளர்கூட இல்லை. சாயங்காலமே அவனுக்கு ஏற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் 8
அவன் உள்ளங்கையெல்லாம் சிவந்திருக்கிறது. ஆரம்பித்துவிட்டது.

ஏப்ரல் 15
கொதிக்கிற தண்ணீரைக் கொட்டியது மாதிரி முதுகு உரிகிறது. விரிப்பை மாற்றினால் தோலும் கூடவே வருகிறது. வயிற்றுப்போக்கில் ரத்தம். வலியில் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். திட்டட்டும். மருந்தைக் கூட்டி என் அணுக்களை அடக்குங்கள் என்று டாக்டரம்மாவிடம் கத்தினேன். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்களாம், ஒரேயடியாக அடக்கினால் புற்றை அடிப்பதும் நின்றுவிடுமாம்.

கழிவறைக்குள் போய் என் கையை நானே கடித்துக்கொண்டேன். போதும்டா, விடுங்கடா — யார்கிட்ட சொல்றேன் நான்? யார் கேக்கப் போறாங்க?

ஏப்ரல் 29
ரிப்போர்ட் வந்தது. ஒரு கெட்ட செல்கூட இல்லை. அண்ணி சுவரில் சாய்ந்து அழுதார்.

“எல்லாத்தையும் கொன்னுட்டியா?” என்றான் அண்ணன், உதடு பிளந்து ரத்தம் கட்டிய வாயால். தலையாட்டினேன்.

மே 20
தோல் காய்கிறது. இரண்டு வாய் கஞ்சி தங்கியது.

அக்டோபர் 2
அண்ணன் வீட்டில் இருக்கிறான், நடக்கிறான். கண்ணீர்ச் சுரப்பிகள் மட்டும் மிஞ்சவில்லை. என் ஆட்கள் அதையும் தீர்த்துவிட்டார்கள். கண்ணில் மணல் விழுந்தது மாதிரி எரிகிறதாம். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும். அண்ணி வேலைக்குப் போனதும் அது என் பொறுப்பு.

இன்று பாட்டிலைக் கண்ணருகே கொண்டுபோய் இரண்டு தரம் பின்னால் இழுத்துக்கொண்டேன். “பயப்படாம விடுடா” என்று அண்ணாந்து உட்கார்ந்து கண்ணை விரித்துக் காட்டினான். விட்டேன். சொட்டு வழிந்து கன்னத்தில் இறங்கியது. துடைக்கப் போனேன்.

“இருக்கட்டும்” என்றான்.