ஸ்டோர் கானும் மேல் பீலியும்

ஐப்பசி 6, திங்கள்
விடியும் முன்பே மழை. அப்புத்தளைப் பக்கம் மலையே தெரியவில்லை. தேயிலை அரைக்கிற ஸ்டோர் முற்றம் முழுக்கச் சேறு. இஞ்சின் அறை எண்ணெய், அடுப்புச் சாம்பல், அழுகின கொழுந்து, தேயிலைத் தூசி, எல்லாம் கலந்து சாக்கடைக் கானில் இறங்குகிறது. கான் விழுவது ஓடையில். கீழ் லயத்தில் குடியிருக்கிற தோட்டத்து ஆட்கள் குடம் பிடிக்கிற பீலிக்கு அந்த ஓடைத் தண்ணீர்தான். குடலைப் பிடுங்கும் நாற்றம். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

செய்ய: சல்லடை இரண்டு கிழிசல், தைக்க. விறகு ஈரம். கான் விஷயம் தோட்டத்துத் துரையிடம் சொல்ல.

7, செவ்வாய்
ஸ்டோரில் தேயிலை சலிக்கிற காத்தாயி நிறுத்திக் கேட்டாள். "ஐயா, பீலித் தண்ணியில எண்ண மெதக்குது. துணியில வடிச்சாலும் போகல. புள்ளைக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது."

வடித்த துணியைக் காட்டினாள். கறுப்பு. 

துரையிடம் போனேன். கானை மறுபக்கம் திருப்பலாம் என்றேன். மறுபக்கம் அவர் பங்களா ரோஜாச் செடிகள். "அது சரி வராது, டீமேக்கர். ரோஸ் எல்லாம் செத்துப் போகும்." சொல்லிவிட்டுச் சுருட்டுப் பற்றவைத்தார். தூ.

8, புதன்
மழை விட்டிருந்தது. கான் வெட்டுகிற ஆட்கள் நாலு பேரை வைத்து முற்றத்து மூலையில் கானுக்குக் குறுக்கே குழி. நடு மட்டத்தில் மூங்கில் குழாய். சாம்பல் அடியில் தங்கும், எண்ணெய் மேலே நிற்கும், நடுத் தண்ணீர் மட்டும் ஓடைக்குப் போகும். துரையைக் கேட்கவில்லை. இரவு நல்ல தூக்கம்.

9, வியாழன்
நாளை கொழும்பிலிருந்து தோட்டம் பார்க்கிற பெரிய துரை வருகிறார். நம் துரை குழியைப் பார்த்து முகம் சுளித்தார். "பெரிய துரை கேட்டா என்ன சொல்றது? மூடு."

மூடினேன். நானே நின்று மூடினேன்.

பிறகு ஒவ்வொரு வருகைக்கும் நடக்கிற அதே கூத்து. எட்டுப் பேர் விளக்குமாறோடு. மாதக்கணக்கில் சேர்ந்த குப்பை அத்தனையும் கானுக்குள். முற்றம் பளிச். பொழுது சாய மழை பிடித்தது, அத்தனையும் ஓடைக்கு. என்ன பிழைப்பு இது.

10, வெள்ளி
பெரிய துரை முற்றத்தை மெச்சினார். பதினோரு கோப்பைத் தேநீர் ருசி பார்த்துத் துப்பினார்.

சாயந்தரம் காத்தாயி என் வீட்டு வாசலில், இடுப்பில் குடம். "ஐயா வீட்டுப் பீலி ஸ்டோருக்கு மேல இருக்குல்ல. புள்ளைக்கு ஒரே ஒரு கொடம் பிடிச்சுக்கிறேன் சாமி."

மேல் பீலி உத்தியோகத்தர் வீடுகளுக்கு. லயத்தார் தொடுவதில்லை, அதுதான் இங்கே வழக்கம். என் வீட்டுக்காரி மரகதம் அடுப்படியிலிருந்து, "இன்னிக்கு ஒருத்தி வருவா, நாளைக்கு லயமே வரும்" என்றாள், காத்தாயிக்குக் கேட்கும்படியே.

"துரையக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். துரையைக் கேட்க அதில் ஒன்றுமே இல்லை. காத்தாயி "சரிங்க" என்று வெறுங்குடத்தோடு இறங்கிப் போனாள்.

12, ஞாயிறு
நேற்று எழுதவில்லை. காத்தாயி பிள்ளை நேற்று விடியற்காலம் போய்விட்டது. ஒன்றரை வயது.

இத்தனை நாளாக இந்த நோட்டில் துரையைத் திட்டி எழுதியிருக்கிறேன். ஒரு குடம் தண்ணீர் இல்லையென்றது துரை இல்லை. சீ.

மேல் பீலியில் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று காலையில் லயத்துக்குப் போய் நானே சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.  வாசலில் உட்கார்ந்திருந்தேன். சாயந்தரம் வரை ஒருத்தரும் குடத்தோடு வரவில்லை. கீழ்ப் பீலியில்தான் வழக்கம் போல வரிசை நின்றது.