மல்லாந்து படுக்காத வீடு

பிப்ரவரி 5, வியாழன்

எண்ணூர் விரைவுச் சாலை. ஸ்கூட்டர் ஓடும்போதே கண் மூடியிருக்கிறது. எழுப்பியது கன்டெய்னர் லாரியின் ஹாரன். டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: "வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியாம்மா?"

வண்டியைச் சாலையோரம் நிறுத்தினேன். நைனா மீன்பிடிக்கக் கடலுக்குப் போனால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. டிசம்பர் காற்றில் அவர் போட்டிலிருந்து நாலு நாள் தகவலே வராமல் போனதே, அதற்குப் பிறகு இப்படித்தான். தெருவில் எந்த ஆட்டோ நின்றாலும் கெட்ட சேதியோ என்று எழுந்து உட்காருகிறேன். சாலையில் இன்னொரு முறை கண் மூடினால் —

பிப்ரவரி 6

வேலைக்கு பஸ்ஸில் போனேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ராயபுரத்தில் தையல்கடைக்கு மேல்மாடி. தூக்கத்துக்காக ஜானட் நடத்தும் யோகா வகுப்பில் சேர்ந்தேன். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டுமாம். கடைசியில் சவாசனம்: மல்லாந்து படுத்து, கைகால் பரப்பி, உடம்பை ஒவ்வொரு இடமாகத் தளர்த்துவது. எனக்குத் தளர்ந்தது தாடை மட்டும். இத்தனை காலமும் எதைக் கடித்துக்கொண்டிருந்தேன்?

பிப்ரவரி 10

சாயங்காலம் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தேன். மீன் விற்றுத் திரும்பிய அம்மா நின்று பார்த்தாள். "இதுக்கு இன்னாடி பேரு?"

சொல்லித் தொலைத்தேன்.

கூடை என் பக்கத்தில் வந்து விழுந்தது. "சவமா? நைனா கடல்ல கீறாரு, நீ வூட்ல பொணமாட்டம் நீட்டிகினு கீறியா? எய்ந்திருடி!"

போட் கரை திரும்பும்வரை எங்கள் வீட்டில் யாரும் மல்லாந்து படுப்பதில்லை. சிறுவயதிலிருந்து நானும் ஒருக்களித்தே படுத்தவள். எப்படி மறந்தேன்? மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கண்ணாடியில் என் முகமும் அப்படித்தான்.

பாயைச் சுருட்டினேன்.

பிப்ரவரி 11

தூக்கமில்லை. அவளுக்கும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஜானட்டிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "ஒருக்களிச்சே படேன். நீ எந்தப் பக்கம் கீறேன்னு மூச்சுக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

பிப்ரவரி 17

இடப்பக்கம் ஒருக்களித்தேன். முழங்கால்களுக்கு நடுவே தலையணை, வயிற்றின்மேல் ஒரு கை. பாதம். கெண்டைக்கால். இடுப்பு. அம்மா சுவரில் சாய்ந்து பூண்டு உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப இதுக்கு இன்னா பேரு?"

"பேரே இல்லம்மா."

"அப்ப சரி." சற்றுப் பொறுத்து, "மூச்ச ஏண்டி இவ்ளோ கஞ்சத்தனமா வுடுற? நல்லா வுடு."

நல்லா விட்டேன்.

பிப்ரவரி 18

ஆட்டோ சத்தத்தில் விழிப்பு வந்தது. எழுந்து உட்காரவில்லை. மூச்சை நீளமாக விட்டேன். ஆட்டோ யாரையோ இறக்கிவிட்டுப் போனது.

பிப்ரவரி 19

கனவு ஒன்று வந்தது. நினைவில்லை. கனவு வருமளவுக்குத் தூங்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 21, சனி

கண் திறந்தபோது ஜன்னலில் வெயில். கூடத்தில் நைனா, குளித்த ஈரத்தலையோடு, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்து வெகுநேரமாகிவிட்டதாம். ஐஸ்பெட்டியைத் தரையில் இழுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து விசாரித்திருக்கிறார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"ஏன் நைனா என்ன எழுப்பல?"

"எழுப்பத்தான் வந்தேன். உங்கம்மா வாசல்லயே மடக்கிட்டா. 'புள்ள தூங்கினு கீது, செருப்ப கைல எடுத்துக்கினு உள்ள வா'ன்றா. கடல்லேர்ந்து வரவனுக்கு இன்னா மரியாத பாரு!"